வழக்கின் பெயரும் வழக்கில் இல்லாத பெயர்களும்

ஆய்வு மாணவர் ஒருவர் தன் ஆய்வேட்டின் ஓர் இயலைக் கொண்டுவந்து படித்துப் பார்க்கச் சொன்னார். இடஒதுக்கீட்டின் வரலாறு. செண்பகம் துரைராஜன் வழக்கைப் பற்றி அதில் ஒரு பத்தி: நல்ல மதிப்பெண் எடுத்தும் மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதால் அவர் வழக்குத் தொடுத்தார், 1951இல் உச்சநீதிமன்றம் இடஒதுக்கீட்டையே செல்லாது என்றது. படித்துக்கொண்டே வந்தவன் அடிக்குறிப்பைப் பார்த்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன். ஆதாரம் என்று அவர் காட்டியிருந்தது ஒரு சிறு வெளியீட்டை. 1994இல் 69 சதவீதச் சட்டம் வந்த சமயத்தில் நாங்கள் நாலைந்து பேர் காசு போட்டுக் கொண்டுவந்தது. அந்தப் பத்தியை எழுதியவன் நான்.

அதில் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று அல்ல, இரண்டு. அடுத்த வருஷமே எனக்கு அது தெரிந்துவிட்டது. வெளியீடு வந்த பிறகு வழக்குரைஞர் நண்பர் ஒருவர் கேட்டார்: "தீர்ப்பப் படிச்சிட்டுத்தான எழுதினீங்க?" நான் படித்திருக்கவில்லை. எனக்கு முன்னால் எழுதியவரைப் படித்திருந்தேன். அவர் அவருக்கு முன்னால் எழுதியவரைப் படித்திருப்பார். நண்பர் என்னை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போய், ஏ.ஐ.ஆர். 1951 தொகுதியை எடுத்து, உச்சநீதிமன்றப் பகுதியில் 226ஆம் பக்கத்தைத் திறந்து வைத்தார். தவறு தெரிந்தது. திருத்தம் மட்டும் வெளியிடவில்லை. "நம்ம நிலைப்பாடு சரிதானே தோழர், இதெல்லாம் சின்ன விஷயம்" என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

சின்ன விஷயம்தானா என்று பார்க்கலாம்.

அந்தத் தீர்ப்பு சின்னது. ஏழு நீதிபதிகள் உட்கார்ந்த அமர்வு, எழுதியவர் எஸ்.ஆர்.தாஸ், நாள் 1951 ஏப்ரல் 9. வகுப்புவாரி அரசாணையின் கணக்கு அதில் அப்படியே இருக்கிறது. பதினான்கு இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜன்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அதற்கடுத்து வருகிறது நாம் யாரும் படிக்காத பகுதி. மனுதாரரான செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பித்ததாக அவருடைய பிரமாணப் பத்திரத்திலிருந்து தெரியவில்லை என்று நீதிமன்றமே சொல்கிறது. விசாரித்துப் பார்த்தாராம், பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டாராம். அரசுத் தரப்பு இதை ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்காதது மட்டுமல்ல, உயர்நீதிமன்றத்தில் அவர் ஜெயித்தால் சேர்த்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே இதற்குள் நாங்கள் மேற்கொண்டு போகவில்லை, ஆனால் விண்ணப்பமே போடாத ஒருவர் அடிப்படை உரிமை பறிபோனதென்று வருவதை நாங்கள் ஏற்றுக்கொண்டதாக யாரும் நினைத்துவிட வேண்டாம் என்கிறார்கள் நீதிபதிகள். ஏழு பேருக்கும் உறுத்தியிருக்கிறது. உறுத்தலை ஒரு பத்தியில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்படியானால் 'நல்ல மதிப்பெண் எடுத்தும் இடம் மறுக்கப்பட்ட பெண்' எங்கிருந்து வந்தார்? அதே தீர்ப்பிலேயே இன்னொரு மனுதாரர் இருக்கிறார். சி.ஆர்.சீனிவாசன். பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர், இண்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. அவருடைய விண்ணப்பமும் மதிப்பெண்ணும் இவருடைய பெயரில் போய் ஒட்டிக்கொண்டன. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கதாநாயகி ஆகிவிட்டார். வழக்கின் தலைப்பில் யாருடைய பெயர் நிற்கிறதோ அவரைச் சுற்றித்தான் கதை கட்டப்படுகிறது. 'தகுதி' என்கிற சொல்லாடலுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. தலைப்பு அதைக் கொடுத்தது. அதை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்ட நாங்களும் அதே முகத்தைத்தான் எங்கள் வெளியீட்டில் அச்சடித்தோம்.

இரண்டாவது தவறு இதைவிட மோசம். மூன்று பக்கம் தள்ளினால், அதே தொகுதியில் 229ஆம் பக்கத்தில், வெங்கடரமணா எதிர் சென்னை மாகாணம் என்று ஒரு தீர்ப்பு. அதே நாள், அதே ஏழு பேர். 83 மாவட்ட முன்சீப் பதவிகளை இதே வகுப்புவாரி முறையில் பிரித்தது பற்றிய வழக்கு. அங்கே நீதிமன்றம் என்ன சொன்னது? ஹரிஜன்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது, 16ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு இருப்பதால், செல்லும். மற்ற வகுப்புகளுக்குப் பிரித்ததுதான் செல்லாது. அதாவது வேலைவாய்ப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டை உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டது. கல்விக்கு அப்படியொரு உட்பிரிவு அரசியல் சட்டத்தில் அப்போது இல்லை. அதனால்தான் செண்பகம் வழக்கில் அரசாணை விழுந்தது. இல்லாத உட்பிரிவைத்தான் இரண்டே மாதத்தில், அந்த ஜூனிலேயே, முதல் திருத்தம் 15(4) என்று கொண்டுவந்து சேர்த்தது. தமிழ்நாட்டில் நடந்த கிளர்ச்சி அதற்குப் பின்னால் இருந்தது என்பதை எல்லாரும் அறிவோம். ஆனால் 'உச்சநீதிமன்றம் இடஒதுக்கீட்டையே ஒழித்தது' என்று எழுதியபோது என்ன செய்தோம்? நம் கைக்கு வந்த ஆயுதத்தை நாமே கொண்டுபோய் எதிராளியின் திண்ணையில் வைத்துவிட்டு வந்தோம். மூன்று பக்கம் புரட்டாததால்.

நமது எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் தீர்ப்புகளைப் பிரதியாக வாசிப்பதே இல்லை என்பது என் குற்றச்சாட்டு. என்னையும் சேர்த்துத்தான். தீர்ப்பு என்றால் முடிவு. ஜெயித்ததா தோற்றதா, அவ்வளவுதான். நாவலை வரிவரியாகப் பிரித்துப் போட்டு மவுனங்களைத் தேடுகிற நாம், தீர்ப்பைப் பத்திரிகையின் தலைப்புச் செய்தியோடு விட்டுவிடுகிறோம். கொஞ்சம் ஆர்வமுள்ளவர்கள் சட்ட இதழ்கள் வரைக்கும் போவார்கள். அங்கே தீர்ப்புக்கு மேலே சின்ன எழுத்தில் தலைக்குறிப்பு இருக்கும். அதைப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். தலைக்குறிப்பை எழுதியவர் நீதிபதி அல்ல, இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர். அது தீர்ப்பின் பகுதியே கிடையாது. எதைச் சாரம் என்று எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர்.

அதற்கும் முன்னால் ஒரு தேர்வு நடந்திருக்கிறது. எந்தத் தீர்ப்பை அச்சிடுவது? அரசு அங்கீகாரம் பெற்ற தொகுப்புகள் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தவை. மெட்ராஸ் லா ஜர்னல் 1891லிருந்து வருகிறது. அதன் பிறகு எத்தனையோ. எல்லாமே வழக்குரைஞர்களுக்கு விற்பதற்காக வந்தவை. சட்டத்தின் புதிய புள்ளி ஏதாவது இருந்தால் அச்சேறும். ஒரு சேரியைக் கொளுத்தியதில் புதிய சட்டப்புள்ளி எதுவும் இல்லையென்றால் அச்சேறாமலே போகலாம். அச்சேறாத தீர்ப்பை மேற்கோள் காட்ட முடியாது என்பதில்லை, ஆனால் தேடிக் கண்டுபிடித்து நகல் வாங்கித்தான் காட்ட வேண்டும். வழக்கில் தரப்பினராக இல்லாதவர் நகல் கேட்டால், உனக்கு எதற்கு என்பதற்குக் காரணம் எழுதி மனுப்போட வேண்டும். மனுப்போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பிரிவின் பெஞ்சு எவ்வளவு வழவழப்பானது என்று.

குற்ற வழக்குகளில் இந்தத் தேடல் இன்னும் விசித்திரமானது. மேல்முறையீட்டில் வழக்கின் பெயர் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், எதிரே அரசு. பாதிக்கப்பட்டவர் பெயர் தலைப்பில் வராது. அச்சுத் தொகுதிகளின் பின்னால் உள்ள அகரவரிசையைப் பிடித்துக்கொண்டு தேடினால் செத்தவர்கள் யாரும் அகப்பட மாட்டார்கள். கொன்றதாகச் சொல்லப்பட்டவர்கள்தான் வரிசையாக நிற்பார்கள். மதுரா வழக்கு என்று ஊர் முழுக்க அறிந்த வழக்கை அகரவரிசையில் 'ம'வில் தேடிப் பயனில்லை. அது துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு. துக்காராம், குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களில் ஒருவர்.

இந்த மதுரா வழக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமி மீது நடந்த வன்முறை. செஷன்ஸ் நீதிமன்றம் போலீஸ்காரர்களை விட்டது. பம்பாய் உயர்நீதிமன்றம் தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மறுபடியும் விட்டது. உடம்பில் காயமில்லை, எதிர்ப்பின் அடையாளமில்லை, ஆகவே சம்மதம். தீர்ப்பு வந்தபோது நாடு கொந்தளித்துவிடவில்லை. வழக்கம்போல் அது சட்ட இதழ்களில் அச்சாகிப் பக்க எண் வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் போயிற்று. ஒரு வருஷம் கழித்து, 1979 செப்டம்பரில், உபேந்திர பக்ஷி, லொத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தீர்ப்பை அவர்கள் படித்த விதத்தைப் பாருங்கள். 'பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு' என்று உயர்நீதிமன்றம் போட்ட கோட்டை உச்சநீதிமன்றம் எப்படி அழித்தது என்று காட்டினார்கள். தீர்ப்பு எதைப் பேசவில்லை, காவல் நிலையத்தின் இருட்டு அதில் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். நான் அதைச் சட்டக் கடிதம் என்று சொல்ல மாட்டேன். இந்தியாவில் எழுதப்பட்ட நல்ல விமர்சனக் கட்டுரைகளில் ஒன்று அது. ஊர்வலங்கள் அதற்குப் பிறகு வந்தன. பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் தான் சம்மதிக்கவில்லை என்று சொன்னால், உறவு நடந்தது நிரூபணமாகியிருக்கும் பட்சத்தில், சம்மதமில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் புதுப்பிரிவு வந்தது. அலமாரியிலிருந்த ஒரு தொகுதியை நான்கு பேர் ஒழுங்காகப் படித்ததில் தொடங்கியது இது.

நம் பக்கம் வருவோம். கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர். செஷன்ஸ் நீதிமன்றம் 1970இல் தண்டித்தது, 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பில் எல்லாருக்கும் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்பது. மேடைகளில், கட்டுரைகளில், நானும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அந்த வாக்கியத்தின் கொடூரம் உண்மை, அதைச் சொல்லக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி 1973லேயே அதை எடுத்துப்போட்டு எழுதியது. அன்றிலிருந்து நாம் அந்த எடுத்துப்போட்டதைத்தான் எடுத்துப்போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வாக்கியத்தில் விடுதலை செய்வதில்லை. ஒவ்வொரு சாட்சியாக எடுத்து, இவர் பார்த்தது இருட்டில், இவர் சொன்னது தாமதம், இவர் எதிர்க்கட்சிக்காரர் என்று தள்ளித் தள்ளித்தான் அந்த இடத்துக்கு வரும். அதிகாரத்தின் வேலை அந்தத் தள்ளுதலில்தான் நடக்கிறது. அடுத்த வழக்கிலும் அதே மாதிரிதான் தள்ளப்போகிறார்கள். கார் பற்றிய வாக்கியம் அதன் மேல் வைத்த கொப்பூழ் மாதிரி. இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனலைப் பற்றி எத்தனை பக்கங்கள் சண்டை போட்டோம்! போட வேண்டிய சண்டைதான். ஆனால் அதில் கால்வாசியாவது அந்தத் தீர்ப்பின் பிரதியோடு போட்டோமா?

சாட்சிகளைப் பற்றி இன்னொன்று. விசாரணை நீதிமன்றத்தில் கூண்டிலேறிய அம்மா தமிழில் பேசுகிறார். அது எழுதப்படும்போதே அவர் பேச்சாக இருப்பதில்லை, 'நான் மேற்படி சம்பவத்தன்று' என்று ஆகிவிடுகிறது. அரசுத் தரப்பு சாட்சி என்பது சுருங்கி அ.சா.3 என்று எண்ணாகிறது. உயர்நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கிலமாகிறது. நமக்கு வந்து சேர்வது 'பி.டபிள்யூ.3 சொல்வதை நம்புவதற்கில்லை' என்ற ஒரு வரி. முதலில் பேசிய பேச்சு கீழமைக் கோர்ட்டின் பதிவறையில் இருக்கும், குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் விதிப்படி அழிக்கப்படும். ஆக, ஒரு வழக்கைக் 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் கண்டுபிடித்தது மேல்தளத்தை. கீழே இருந்தது பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, நல்லதுதான். 2008லிருந்து இண்டியன் கானூன் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றமே தன் தொகுதிகளை இலவசமாகத் திறந்துவிட்டது. அந்த வருஷம் முதல் தீர்ப்புகளுக்கு எந்தப் பத்திரிகையையும் சாராத பொது எண்ணும் கொடுக்கிறார்கள். தீர்ப்பின் மூலவாசகம் பொதுச்சொத்து, பதிப்பாளரின் உழைப்பு சேர்ந்த தலைக்குறிப்பு போன்றவை மட்டுமே அவருக்குச் சொந்தம் என்று 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதும் முக்கியமானது. முழுவாசகத்திலும் தேட முடிவதால் இப்போது செத்தவர்களின் பெயரையும் தேடலாம், ஊர்ப் பெயரைத் தேடலாம். ஆனால் ஊர்ப் பெயரில் ழகரம் இருந்தால் தொலைந்தீர்கள். ஒருத்தர் 'எல்' போட்டிருப்பார், ஒருத்தர் 'இசட்-எச்', இன்னொருத்தர் அந்த எழுத்தையே முழுங்கியிருப்பார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கிடைத்துவிட்டால் முடிந்ததா? அந்தத் தீர்ப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? 2004இல் சின்னையா வழக்கில் அய்ந்து நீதிபதிகள், பட்டியல் சாதிகள் ஒரே தொகுதி, அதை மாநிலங்கள் உட்பிரிவு செய்ய முடியாது என்றார்கள். 2009இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. சின்னையாவைக் காட்டி அதை எதிர்த்தவர்கள் நம்மிலேயே உண்டு. எதிர்க்க வேண்டும் என்ற ஆசைக்கு ஒரு மேற்கோள் கிடைத்தது. 2020 ஆகஸ்டில் தவீந்தர் சிங் வழக்கில் இன்னொரு அய்வர் அமர்வு சின்னையாவைச் சந்தேகித்தது. உடனே 'சின்னையா ஒழிந்தது' என்று நம் தோழர்கள் துண்டறிக்கை போட்டார்கள். ஒழியவில்லை. அய்வர் சொன்னதை அய்வர் தூக்கியெறிய முடியாது. பெரிய அமர்வுக்கு அனுப்பத்தான் முடியும். நாலு வருஷம் அது சந்தேகத்துக்குள்ளான, ஆனால் செல்லுபடியான தீர்ப்பாகவே இருந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு பேரில் ஆறு பேர் அதை நீக்கினார்கள், நீதிபதி பேலா திரிவேதி மட்டும் மாறுபட்டார். அன்று மாலையே அடுத்த கூத்து. ஏழு பேரில் நான்கு பேர் பட்டியல் சாதியினரிலும் வசதியடைந்தோரை அடையாளம் காண வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி அது இல்லை. கேட்காத கேள்விக்கு நீதிபதி சொல்லும் கருத்து வேறு, வழக்கைத் தீர்த்துவைக்கும் காரணம் வேறு. வக்கீல்கள் ஒபிட்டர், ரேஷியோ என்று பிரிப்பார்கள். முதலாவது யாரையும் கட்டாது. பத்திரிகைகள் அதை ஆணை மாதிரி போட்டன. நம் ஆட்களில் ஒரு பகுதி அதை நம்பித் தீர்ப்பையே எதிர்த்தது, இன்னொரு பகுதி அந்தப் பக்கங்களே இல்லாத மாதிரி கொண்டாடியது. இரண்டு பேரும் படிக்கவில்லை. நூற்றுக்கணக்கான பக்கம், ஆறு தனித்தனித் தீர்ப்புகள், யாருக்குப் பொறுமை?

செண்பகம் வழக்கு இதிலும் ஒரு பாடம். அதை எந்த நீதிமன்றமும் 'ஓவர்ரூல்' செய்து சாகடிக்கவில்லை, அரசியல் சட்டத்தையே திருத்தித்தான் தாண்டினார்கள். பின்னால் வந்த தீர்ப்புகளை மட்டும் தேடுகிறவருக்கு அது இன்னும் நிற்கிற மாதிரிதான் தெரியும்.

2023இல் நியூயார்க் நீதிமன்றமொன்றில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வக்கீல்கள் செயற்கை அறிவு எழுதிக்கொடுத்த ஆறு முன்தீர்ப்புகளைத் தாக்கல் செய்தார்கள். ஆறும் பிறக்கவேயில்லாத வழக்குகள். 5,000 டாலர் அபராதம். சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எனக்கு எங்கள் வெளியீடுதான் ஞாபகம் வந்தது. விண்ணப்பிக்காத ஒருவரை விண்ணப்பிக்க வைத்து, மதிப்பெண் கொடுத்து, இடம் மறுத்து, வழக்குப் போடவைத்தவர்கள் நாங்கள். எந்த மெஷினும் இல்லாமல்.

மாணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீங்க ஏன் சார் திருத்தல?" என்றார். பதில் இல்லை. 226ஆம் பக்கத்தையும் 229ஆம் பக்கத்தையும் நகலெடுத்துக் கொடுத்தேன். செண்பகம் வழக்கில் அரசாணையால் பயனடைந்தவர்கள் ஒருவர்கூடத் தரப்பினராக இல்லை, அவர்களுக்காகப் பேச வேண்டிய அரசுதான் ஆட்சேபிக்காமல் விட்டது என்பதைத் தன் இயலில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். எனக்குத் தோன்றாதது அது.

அந்த வெளியீடு ஆயிரம் பிரதிகள் போட்டோம். வைத்திருப்பவர்கள் 11ஆம் பக்கத்தில், 'மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட' என்பதை 'மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகத் தெரியாத' என்றும், 'இடஒதுக்கீட்டையே செல்லாது என்றது' என்பதை 'கல்லூரிச் சேர்க்கைக்கான வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்றது. அதே நாளில் வேலைவாய்ப்பில் ஹரிஜன்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குமான ஒதுக்கீட்டை ஏற்றது' என்றும் திருத்தி வாசிக்கவும்.